ஞாயிற்றுக்கிழமைத் தடம்

கொல்லம் 1106ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், அதாவது 1930 அக்டோபர் கடைசியில், தோவாளைத் தாலுகா கீரிப்பாறைக்குத் தெற்கே மூங்கிலடிச் சரிவில் காட்டுப்பன்றிகள் இறங்கி, மரச்சீனி என்ற மரவள்ளி நட்ட விளைநிலங்களைத் தோண்டின.

மரச்சீனி முற்றி முடிய மாசி ஆகும். ஐப்பசியில் கிழங்கு இரண்டு விரல் தடிமன்தான் இருக்கும். பன்றிக்கு அது போதும். தின்பதைவிடக் கிளறிப் போடுவதுதான் அதிகம். ஒரு செடியை மூட்டோடு கிளப்பிவிட்டால் அந்த மூடு அந்த ஆண்டுக்குப் போனதுதான்.

சரிவில் விளை வைத்திருந்தவர்கள் அடிவாரத்து ஆலடிக்கோணம் ஊர்க்காரர்கள். வைகுண்டராஜன் ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் ஊரிலிருந்த சிறிய ஆலயத்தின் சபையார். ஆலயத்துக்கு மணி கிடையாது. முற்றத்துப் பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது, அதைத்தான் மணி என்பார்கள். அதை இரும்புக் கம்பியால் அடித்தால் ஓசை பாதிச் சரிவு வரை தெளிவாகக் கேட்கும். அதற்கு மேல் காற்றைப் பொறுத்தது.

ஓய்வுநாளை அந்தச் சபை கண்டிப்பாக அனுசரித்தது. சனிக்கிழமையே விறகு கீறி, தண்ணீர் கோரி, ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கும் சேர்த்து அரைத்து வைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் பகலில் வேலைக்கு ஆள் இருக்கும், இரவில் பரண்களில் தகர டின்னோடு காவல் இருக்கும். ஞாயிறு விடிந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரே ஒருவர் காவலுக்கு ஏறலாம் என்று சபை மூப்பர்கள் கூடி விலக்கு கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் திங்கட்கிழமை விடியும்போதுதான் வருவார்கள்.

அந்த ஒருவர் எப்போதும் ஏசுஅடிமையாக இருந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. மனைவி சத்தியபாய் காலராவில் இறந்துவிட்டாள். ஞாயிறு இரவு வீட்டில் தேட ஆள் இல்லாதவர் என்பதால் அந்தக் காவல் அவரிடம் வந்து சேர்ந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் மறுக்கவில்லை.

சத்தியபாயை ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் வடக்கு மதிலை ஒட்டி அடக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, அடையாளத்துக்கு ஒரு நந்தியாவட்டைக் கம்பை அவர் நட்டிருந்தார். அது தழைத்து இடுப்பளவு வளர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ச் சற்று நிற்பார். தண்ணீர் விடமாட்டார், அது வேலையில் சேரும் என்று. தண்ணீர் திங்கட்கிழமைதான்.

பன்றி தோண்டிய செய்தி திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. முதலில் வந்து பார்த்தவர் யேசுரத்தினம். சபை மூப்பர்களில் முக்கியமானவர், ஊரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி அவர் ஒருவரிடம்தான் இருந்தது. தன் விளையில் சாய்ந்து கிடந்த செடிகளைப் பார்த்துவிட்டு அவர் பரணுக்குக் கீழே வந்து நின்றார்.

"ஓய் ஏசுஅடிமை, நீரு காவலுக்குப் போனீரா, கட்டிலுக்குப் போனீரா?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் ஒறங்கல்ல மூப்பரே."

"அப்பம் பன்னி பறந்து வந்துதாக்கும். உமக்க மூக்குக்கு முன்னால நின்னு தின்னுட்டு, வாயத் தொடச்சிட்டுப் போயிருக்கு. நீரு குறட்ட விட்ட சத்தத்துல டின்னுச் சத்தம் கேக்கல்ல போல."

ஏசுஅடிமை பரணிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கிளறிய மண்ணுக்குப் பக்கத்தில் குளம்புத் தடங்கள் நன்றாகப் பதிந்திருந்தன. பிளந்த இரண்டு விரல்கள் முன்னால், பக்கத்து விரல்களின் புள்ளி பின்னால் சற்று அகன்று. அவர் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மூப்பரே, இங்கோடி வாரும். நேத்து மொதல் மணிக்கு முன்ன மழ பெய்ஞ்சுல்லா? நனைஞ்சுட்டுல்லா எல்லாரும் கோயிலுக்குள்ள இருந்தோம்?"

"அதுக்கு என்ன?"

"அந்த மழத்துளிக்க குழிதான் இதெல்லாம். பொட்டு பொட்டாக் கெடக்கு, பாத்தீரா? பன்னி அந்தக் குழியெல்லாம் நெரிச்சு மிதிச்சிருக்கு. சாயந்திரம் நான் பரணுக்கு ஏறும்பம் ஒரு தூத்தல் விழுந்துது. அந்தத் தூத்தல் தடத்துக்கு உள்ள விழுந்திருக்கு. ரெண்டு மழைக்கும் எடையில வந்துட்டுப் போயிருக்கு. பகல்லயாக்கும்."

யாரும் குனிந்து பார்க்கவில்லை. வைகுண்டராஜன் மட்டும் குனிந்தான். அவனுக்கு நாற்பது வயது. அய்யாவழிக்காரன், தாங்கல் என்னும் அவர்கள் கோயிலில் கும்பிடுகிறவன், நெற்றியில் நீள நாமம். அவனுடைய விளை ஏசுஅடிமையின் விளைக்கு மேல்புறம்.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதான். நீங்க கீழ பாட்டுப் பாடுத நேரத்துல அதுக மேல பந்தி இருந்திருக்கு."

"பன்னிக்கு ஞாயித்துக்கெழம தெரியுமாலே? கலண்டர் வச்சிருக்கோ?" என்றார் யேசுரத்தினம்.

"மனுசனுக்க சத்தம் இல்லேன்னா தெரியும் மூப்பரே," என்றார் ஏசுஅடிமை.

"அப்பம் ஒண்ணு செய்வோம். வைகுண்டத்துக்கு நம்ம ஓய்வுநாள் கெடையாது. ஞாயித்துக்கெழம பகல் இவன் நிக்கட்டு."

"கொள்ளாம்!" வைகுண்டராஜன் எழுந்துவிட்டான். "எங்களுக்கும் ஞாயித்துக்கெழமதான தாங்கல்ல பணிவிடை. தலப்பா கட்டி, உச்சிப்படிப்பு படிச்சு முடிக்கும்பம் பொழுது சாஞ்சிரும். நீங்க எல்லாரும் சொர்க்கத்துக்குப் போவணும், நான் மட்டும் பன்னிக்குக் காவல் கெடக்கணுமா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், சபையை நடத்திவந்த உபதேசியார் ஜஸ்டஸ் விளைகளுக்காக ஜெபித்தார். பன்றிகளை வேறு மலைக்கு நடத்தும்படி கேட்டுக்கொண்டார். வேறு மலையிலும் விளை வைத்திருந்த ஒருவர் அதற்கு ஆமென் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் பன்றிகள் வந்தன. திங்கட்கிழமை ஏசுஅடிமையின் உறக்கம் மறுபடி பேசப்பட்டது. ஊர்க்கடையில் அவர் புகையிலை வாங்கப் போனபோது யாரோ குறட்டைச் சத்தம் எழுப்பினார்கள். வேடிக்கைக்குத்தான். அவரும் சிரித்தார். அதற்கடுத்த ஞாயிறு விடியும்போது மற்றவர்கள் இறங்க, அவர் இறங்கவில்லை. சனி இரவுக் காவலுக்கு வந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

ஆட்கள் போன பிறகு சரிவு வேறு இடமாக மாறியது. கோடாலிச் சத்தம் இல்லை, கூப்பிடும் குரல் இல்லை. எவ்வளவு ஓசைகளுக்கு நடுவில் தினமும் இருந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. விளைகளுக்கு மேலே ஒரு பாறை உண்டு. காற்று காட்டிலிருந்து தன் பக்கம் வரும்படி பார்த்து அதன் மறைவில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் மணி அடித்துச் சற்று நேரத்தில் காட்டோரத்துப் புதரிலிருந்து ஒரு பெட்டைப்பன்றி தலை நீட்டியது. அசையாமல் நின்று கேட்டது. பிறகு வெளியே வந்தது. பின்னால் கூட்டம் வந்தது, கடைசியாகக் குட்டிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், கூட்டத்தில் சேராமல், ஒரு பெரிய கிடா வந்தது. அப்படித் தனித்துத் திரிவதை ஒற்றையான் என்பார்கள்.

கூட்டம் அவருடைய விளையின் ஓரத்தில் தொடங்கியது. டின்னைத் தட்டியிருக்கலாம். தட்டினால் ஓடிவிடும், எங்கே போய்ப் படுக்கிறது என்று தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் செடிகள் விழுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது சுலபமாக இல்லை. வெயில் ஏறியதும் அவை தாமாகவே காட்டுக்குள் திரும்பின. அவர் இடைவெளி விட்டுத் தடத்தில் இறங்கினார்.

ஈரமண் உள்ள இடத்தில் தடம் தெளிவாக இருந்தது. பாறை வந்த இடத்தில் சேறு ஒட்டிய கல்லும், பக்கவாட்டில் ஒடிந்த பெரணியும் வழி காட்டின. ஓடைக்கரைச் சேற்றுக்குழியில் தண்ணீர் இன்னும் கலங்கியே கிடந்தது. பக்கத்து மரத்தில் முதுகு உரசிய சேறு, அவருடைய இடுப்புக்கு மேல் உயரத்தில், ஈரம் காயாமல். ஓடைக்கு அப்பால், மெல்லிய மூங்கில் போன்ற ஈற்றை அடர்ந்த காடு. உள்ளே போன தடம் உண்டு, வெளியே வந்த தடம் பழையது. படுக்கை அதற்குள்தான். பன்றிக்கூட்டம் இரவெல்லாம் எங்கே மேய்ந்தாலும், கலைக்காதவரை விடிந்ததும் அதே படுக்கைக்கு வரும். அவர் வந்த வழியே திரும்பினார்.

ஊரில் அப்போது முடிவுப் பாட்டு பாடுகிற நேரம். காற்று எதிர்ப்பக்கம் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் யேசுரத்தினம் வந்ததும் ஏசுஅடிமை இடத்தைச் சொன்னார். ஆட்கள் நாய்களோடு மேலிருந்து ஈற்றைக்காட்டைக் கலைத்தார்கள். கீழே ஓடைத் திருப்பத்தில் யேசுரத்தினம் நின்றார். ஒரு பெரிய பெட்டை விழுந்தது. இறைச்சியைப் பாறையில் வைத்துப் பங்கிட்டார்கள். சுட்டவருக்குப் பின்தொடை, தடம் சொன்னவருக்குத் தலை என்பது அங்குள்ள வழக்கம். அன்று ஆலடிக்கோணத்தில் எல்லா வீட்டிலும் கறி மணந்தது. குறட்டைச் சத்தத்தை அதற்குப் பிறகு யாரும் எழுப்பவில்லை.

புதன்கிழமை உபதேசியார் ஜஸ்டஸ் அவருடைய வீட்டுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு ஒம்மக் காணல்லியே. தீனமோ?"

"இல்ல உபதேசியாரே. மேல தடம் பாத்துட்டு நின்னேன்."

உபதேசியாருக்குப் பதில் முன்பே தெரியும். ஊருக்கே தெரியும். பன்றி படுத்திருந்த இடத்தைத் திங்கள் விடியும்போது சொல்ல வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்க வேண்டும். இறைச்சி தின்று முடியும்வரை யாரும் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூப்பர்கள் கூடினார்கள். தண்டனை கொடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் யேசுரத்தினம். அவருக்கு ஏசுஅடிமை மேல் கோபம் எதுவும் இல்லை. விதி என்பது விதி என்று நினைப்பவர். தன் சொந்தத் தம்பியை ஞாயிற்றுக்கிழமை தேங்காய் வெட்டியதற்காகச் சபையிலிருந்து நிறுத்தி வைத்தவர். சபைக்கு முன் எழுந்து நின்று தப்பை ஒப்புக்கொள்ளும்வரை ஏசுஅடிமைக்குத் திருவிருந்தில் அப்பம் இல்லை என்று முடிவானது. அதோடு சேர்ந்து வருவது எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் சொல்லவில்லை. தண்டனையில் இருக்கும்போது இறப்பவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. கள் குடித்ததற்காக நிறுத்தப்பட்ட இஸ்ரவேல் என்பவர் ஒப்புக்கொள்ளாமலே இறந்துபோனார். அவரை மதிலுக்கு வெளியே, மாடு கட்டும் புறம்போக்கில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை.

"ரெண்டு வார்த்தைதான," என்றார் உபதேசியார். "ஓய்வுநாள மீறினேன், அது தப்புன்னு சொல்லும். அடுத்த திருவிருந்துக்கு ஒம்மச் சேத்துக்கிடலாம்."

"தப்புன்னு எனக்குத் தோணல்லியே உபதேசியாரே. தோணாதத கோயில்ல நின்னு சொன்னா, அது வேற தப்புல்லா?"

"தோணும். ஜெபம் பண்ணும்."

அவர் ஜெபம் செய்தார். தோன்றவில்லை.

சனிக்கிழமை அந்தியில் யேசுரத்தினம் தன் விளையிலிருந்து இறங்கும்போது பரணருகே நின்றார். பேச்சு சாதாரணமாகத்தான் தொடங்கியது.

"நாளைக்கு நீரு கோயிலுக்கு வருவீரா?"

"வந்தா பின்வாசல்லல்லா இருக்கணும். வரல்ல."

"அப்பம் எப்படியும் இங்கதான கெடப்பீரு. நம்ம விளையையும் ஒண்ணு பாத்துக்கிடும். கூட்டம் எங்க படுக்குன்னு பாத்து வச்சீருன்னா, திங்கக்கெழம நமக்குச் சோலி லேசு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை, தண்டனையை நினைத்தும் சொல்லவில்லை. தண்டனை ஒரு காரியம், பன்றி வேறொரு காரியம். ஏசுஅடிமை சரி என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. கார்த்திகை முழுவதும், மார்கழி முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சரிவில் இருந்த ஒரே மனிதர் அவர்தான். எல்லா விளைகளுக்கும் டின் தட்டினார், தடம் பார்த்தார். திங்கட்கிழமை ஆட்கள் ஏறி வரும்போது எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்வி இருந்தது: "எங்க கெடக்கு?" அவர் கையை நீட்டிக் காட்டுவார். அவர்கள் போவார்கள். பன்றி விழுந்தால் அவருடைய பங்கு தேக்கிலையில் பொதிந்து பரணடிக்கு வந்துவிடும். கொண்டுவருபவர் பாறைமேல் வைத்துவிட்டு, "இன்னா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். சபையார் தண்டனையில் இருப்பவரோடு உட்கார்ந்து தின்பதில்லை. ஒருவர் தின்பதற்கு ஒரு தலை மிக அதிகம். பாதியை வைகுண்டராஜன் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அவர் செய்யும் வேலைகளில் ஒன்று, காற்றுக்காகக் காத்திருப்பது. தெற்கிலிருந்து வீசினால் தண்டவாள ஓசைக்குப் பிறகு பாட்டும் கேட்கும். வார்த்தை கேட்காது, ராகம் மட்டும் வரும். ராகத்தை வைத்து இன்ன பாட்டு என்று கண்டுபிடித்துக் கூடவே முனகுவார். அப்படி முனகிய ஒரு நாள் பன்றிகள் வரவில்லை. அதிலிருந்து அதையும் விட்டுவிட்டார். தடத்தில் பார்த்தவற்றைச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. கூட்டம் ஓடையைக் கடக்கும் முறை, ஒற்றையான் மட்டும் எப்போதும் வேறு வழியாக வருவது, குட்டிகளின் முதுகு வரி மங்கி வருவது. திங்கட்கிழமை கேட்பவர்களுக்குப் படுக்கை இருக்கும் இடம் மட்டும் போதும்.

ஒருமுறை உபதேசியாரிடம் ஆள் அனுப்பிப் பேசினார். அடுத்த திருவிருந்துக்கு முன்னால் தன் காரியத்தை மூப்பர்கள் மறுபடி எடுக்க முடியுமா என்று. எடுக்கிறோம் என்று பதில் வந்தது. எடுக்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வழக்கமான ஈற்றைக்காட்டுக்குப் போகாமல் மேலே ஏறியது. ஏசுஅடிமை தடத்தோடு போனார். ஒற்றையானின் தடம் கூட்டத்தோடு இல்லை என்பதைக் கவனித்தார். எங்கே பிரிந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது பக்கத்துப் புதரிலிருந்து வந்தது. ஓசை கேட்டது, கால் போனது. பன்றி நிற்காமல் கீழே ஓடிவிட்டது. இடது தொடையில் கோரைப்பல் கிழித்திருந்தது. எலும்பு தெரியவில்லை, ஆனால் சதை வாய் பிளந்து கிடந்தது.

துண்டால் இறுக்கிக் கட்டினார். எழுந்தால் கால் நிற்கவில்லை. பாறை வரைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வந்தார். அதற்குள் கீழே ஆராதனை முடிந்திருந்தது. அன்று காற்று தெற்கிலிருந்துதான் வீசியது. ஆட்கள் ஆலய முற்றத்தில் பேசிக் கலையும் இரைச்சல் தெளிவில்லாமல் ஏறி வந்தது. அவர் கூப்பிட்டார். சத்தம் கீழே போகவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, தன்னைத் தேடி யார் எப்போது வருவார்கள் என்று யோசித்தார். யாரும் வரமாட்டார்கள். தேட வேண்டாத ஆள் என்பதால்தானே ஞாயிறு அவரிடம் வந்தது. இங்கேயே செத்தால் திங்கட்கிழமை கண்டெடுப்பார்கள். கண்டெடுத்து எங்கே வைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நந்தியாவட்டை மதிலுக்கு உள்ளே நிற்கும்.

இரவு கழிந்தது.

விடியும்போது முதலில் ஏறி வந்தவன் வைகுண்டராஜன். அவரைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி! இது என்ன கோலம்? எப்பம்?"

"நேத்து. பகல்ல."

"நேத்தா? அய்யா, நான் இல்லாமப் போனேனே." அவன் துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினான். "நாலு விரல் தள்ளி ஏறிருந்தா கதை தீந்துருக்கும். தண்ணி குடிச்சீளா?"

பின்னாலேயே யேசுரத்தினமும் ஆட்களும் நாய்களோடு வந்தார்கள். ஏசுஅடிமை பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்மேல் வைகுண்டராஜனின் மேல்துண்டு கிடந்தது.

"எங்க கெடக்கு?" என்றார் யேசுரத்தினம்.

ஏசுஅடிமை கையை நீட்டி மேலே காட்டினார். "ஈத்தக்காட்டுக்குப் போவல்ல. மேலப் பாறைக்க அங்கோடி. ஒத்தையான் கூட இல்ல, பாத்துப் போங்க."

"மூப்பரே, இவருக்க காலப் பாரும்!" என்றான் வைகுண்டராஜன். துண்டை விலக்கினான்.

யேசுரத்தினம் பார்த்தார். முகம் மாறியது. துப்பாக்கியைக் கீழே வைத்தார், பிறகு எடுத்தார். மேலே நாய்கள் ஏற்கெனவே மோப்பம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. "கட்டு நல்லாத்தான இருக்கு. பைய இரும் ஏசுஅடிமை. வெயில் ஏறினா கூட்டம் மாறிரும். ஒரு நிமிசத்துல வாறோம், கட்டிலு கொண்டாந்து எடுக்கோம்." ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர் பின்னால் போனார்கள்.

"நல்ல நிமிசம்," என்றான் வைகுண்டராஜன். அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். இறங்கும் வழியில் இரண்டு இடத்தில் இளைப்பாறினான். "ஒரு பன்னிக்கு உள்ள கனம் இருக்கு ஒமக்கு. தலக்கறி முழுக்க ஒடம்புல ஏறியிருக்கு." ஏசுஅடிமை சிரித்தார். யாரோ தன்னைத் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது என்பது அப்போது அவருக்கு நினைவு வந்தது.

புண் ஆறும்வரை அவர் ஊரிலுள்ள தன் வீட்டில் கிடந்தார். அந்த ஞாயிறுகளில் சரிவில் யாரும் இல்லை. பன்றிகள் வந்து போயின. யேசுரத்தினம் கிழங்கும் மீனும் கொடுத்தனுப்பினார். ஒரு நாள் அவரே வந்து வாசலில் நின்றார்.

"காலு எப்பம் சரியாவும்?"

"ஊனி நடக்கலாம். மூப்பரே, எனக்க காரியத்த எடுக்கணும். திருவிருந்து வருதுல்லா."

"எடுப்போம். எடுக்கமாட்டோம்னு யாரு சொன்னா? மாசி கழியட்டு. கிழங்கு பிடுங்கின பெறவு நிதானமாட்டுப் பேசலாம். இப்பம் சேத்துட்டா, ஞாயித்துக்கெழம மேல நிக்க ஆளு வேணுமே." சொல்லி முடித்ததும் தன் வார்த்தை தனக்கே பிடிக்காதவர்போலத் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "ஒமக்க கிழங்கும் அங்கதான நிக்கு," என்றார்.

அது உண்மைதான். மாசியில் அந்தச் சரிவிலேயே சேதம் குறைவாக நின்றது ஏசுஅடிமையின் விளை. அவர் காவல் இருக்கும் பரண் அதில் இருந்தது. அந்த ஆண்டு முழுவதற்கும் அவருக்கு வேறு விளைவு இல்லை. நொண்டிக்கொண்டே ஏறி, மறுபடி ஒரு ஞாயிறு காவல் இருந்தார்.

மாசி இரண்டாம் ஞாயிறு திருவிருந்து. அதை நடத்த வெளியூரிலிருந்து குருப்பட்டம் பெற்றவர் வருவார். அவரைச் சபையார் அய்யர் என்பார்கள். அந்த ஞாயிறு விடியும்போது மற்றவர்களோடு ஏசுஅடிமையும் சரிவிலிருந்து இறங்கினார். குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசையிலிருந்து யேசுரத்தினம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பிரசங்கம் முடிந்து, அப்பத்தின் மேலிருந்த துணியை எடுப்பதற்கு முன்னால், சபைக்கு முன் சொல்ல வேண்டியது யாருக்காவது உண்டா என்று அய்யர் வழக்கப்படி கேட்டார். ஏசுஅடிமை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஓய்வுநாள்ல மேல நின்னு பன்னித் தடம் பாத்தேன் அய்யரே. அதுக்கு என்னய நிறுத்தி வச்சிருக்கு."

"ஒருமுறையா?"

"இல்ல. ஐப்பசியில இருந்து."

"யாருக்காகப் பார்த்தீர்?"

ஏசுஅடிமை முன்வரிசையைப் பார்க்கவில்லை.

"எனக்கு விளை உண்டு அய்யரே."

"அது தப்பு என்று ஒப்புக்கொள்கிறீரா?"

உபதேசியார் ஜஸ்டஸ் உதட்டை அசைத்து, சொல்லும் என்று காட்டினார்.

"அங்க தனியாட்டுக் கெடந்தது தப்புதான். இனி கெடக்கமாட்டேன்."

அய்யர் மூப்பர்களைப் பார்த்தார். மறுப்பு உண்டா என்று கேட்டார். யேசுரத்தினம் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. ஏசுஅடிமையை முன்னால் வரச் சொன்னார்கள். கால் இழுத்ததால் அவர் வந்து சேர நேரம் எடுத்தது. மற்றவர்களோடு முழங்கால்படியிட முடியாமல், நின்றபடியே அப்பத்தை வாங்கினார்.

ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு வீட்டுக்குப் போனார். பொழுது சாய்ந்த பிறகும் காவலுக்கு ஏறவில்லை. வேறு யாரும் ஏறவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆட்கள் சரிவுக்கு வந்தபோது எல்லா விளைகளிலும் மண் புரண்டு கிடந்தது. கூட்டம் எந்தப் பக்கம் போய்ப் படுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யேசுரத்தினம் நாய்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, மிஞ்சிய மூடுகளை அன்றே பிடுங்கத் தொடங்கினார். ஏசுஅடிமையின் விளையில் ஒன்றும் மிஞ்சவில்லை.